தோட்டக்காரரின் மடக்குக் கத்தி: உருக்கா, எவர்சில்வரா?

ஏர், மண்வெட்டி, அரிவாள் முதலிய கருவிகளைக் குறித்து விவசாயிகளுக்குக் கூறப்பட்ட யோசனைகள் அநேகம். மடியில் செருகி வைக்கும் மடக்குக் கத்தியைக் குறித்துக் கூறப்பட்டவையோ மிகச் சில. அது சிறு கருவி, அதன் விலையும் அற்பம், ஆகையால் அதைப்பற்றி யோசிக்க ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். ஆயினும் பழத்தோட்டத்தில் வேலை செய்வோர் நாளொன்றுக்கு எத்தனை முறை அதைக் கையிலெடுக்கிறார்கள் என்று கணக்கிட்டால், அந்த எண்ணம் தவறென்பது விளங்கும். தாய்மரத்தில் ஒட்டுக்குச்சி நறுக்குவதும், இலை களைவதும், வேர்ச்செடியின் தலையைத் துணிப்பதும், நீர்ப்போத்துகளை நீக்குவதும், கட்டு நாரை அறுப்பதும் அதனாலேயே நடைபெறுகின்றன. வெட்டு வழவழப்பாயிருந்தால் காயம் விரைவில் ஆறும். பிசிறினால் குச்சி காய்ந்துபோகும், அல்லது அவ்விடத்தில் பூஞ்சணம் பற்றும்.

இத்தகைய கத்தி வாங்கக் கடைக்குச் செல்வோர் முன் அநேகமாய் இரண்டு கத்திகள் வைக்கப்படுகின்றன. உருவத்தில் இரண்டும் ஒன்றே. ஒன்று சாதாரண உருக்கினால் ஆனது. மற்றொன்று துருப்பிடிக்காத எஃகினால், அதாவது எவர்சில்வரினால் ஆனது. கடைக்காரர் பளபளப்பானதை எடுத்துக் காட்டி, அது துருப்பிடிக்காது என்பார். அனுபவமுள்ள பழைய தோட்டக்காரரோ, கூர் வேண்டுமானால் உருக்கையே வாங்கவேண்டும் என்பார். இருவர் கூற்றும் உண்மையே. ஆனால் இருவரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு மரத்தை விட்டு மற்றொரு மரத்திற்குச் செல்லுமுன் அந்தக் கத்தி எதில் தோய்க்கப்படப் போகிறது என்பதே அக்கேள்வி.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற உதாரணம், பிரான்சு தேசத்துச் சவாய் மலைநாட்டில் தோன்றிய ஒப்பினெல் கத்தியாகும். ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டில் அதை உண்டாக்கினார். 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் அது செய்யப்பட்டது. அம்மலைநாட்டுக் குடியானவர்கள் ரொட்டி அறுப்பதற்கும், கொடிகளைக் கவ்வாத்துச் செய்வதற்கும் அதனையே கைக்கொண்டார்கள். அவற்றுள் பெரிய கத்திகளில் ஒன்றான 10-ஆம் எண் கத்தியின் அலகு 10 சென்டிமீட்டர் நீளமுள்ளது. விரித்தால் பிடியுடன் ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். இக்கத்தி சாதாரண உருக்கு அலகுடனும், எவர்சில்வர் அலகுடனும் கிடைக்கிறது. பிடி, ஆணி, வளையம் யாவும் ஒரேவிதமாயிருப்பதால், வேற்றுமை அலகின் உலோகத்தில் மட்டுமே உள்ளது. இவ்விருவகை அலகுகளில் எந்தப் பெயருள்ள கத்தியை வாங்கினாலும் கீழே கூறப்படுபவை பொருந்தும்.

முதலில் இரண்டிற்கும் பொதுவான ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மடக்குக் கத்தியினால் நேரும் கெடுதிகளுள் கொடியது, வேலையின் நடுவே அது தானாக மடங்கி விரல்களை அறுப்பதாகும். கடினமான கிளையில் அலகு சிக்கியபோது, அதனை மேல்நோக்கி அசைத்து எடுக்க முயலும் வேளையிலேயே இது பெரும்பாலும் நேருகிறது. வில்லின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் கத்தி அப்போது கையைக் காக்காது. மேற்கூறிய கத்தியில் 1955-ஆம் ஆண்டு முதல், பிடியின் தலைப்பில் திருகும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. அலகை விரித்தபின் அதனைத் திருப்பினால் அலகு மடங்காது. எந்தக் கத்தியை வாங்கினாலும், விரித்த அலகை நிலைநிறுத்தும் பூட்டு அதில் உண்டா, அது தளர்வின்றிப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே உலோகத்தைப் பற்றி விசாரிப்பது உசிதம். பூட்டில்லாத நல்ல உருக்கைவிடப் பூட்டுள்ள மட்டமான உருக்கு மேலானது.

இனி உருக்கு அலகின் குணங்களைப் பார்ப்போம். இரும்புடன் சிறிதளவு கரி சேர்ந்து, பதமிடப்பட்டதே சாதாரண உருக்கு. இதனைச் சாதாரணத் தீட்டுகல்லிலேயே எளிதில் கூராக்கலாம். மழுங்கினால் வரப்போரம் உட்கார்ந்து நாலைந்து முறை இழுத்தாலே பழைய கூர் திரும்பிவிடும். நாள் முழுவதும் குச்சி நறுக்குவோருக்கு இதைவிடப் பெரிய செளகரியம் வேறில்லை. இதன் குறை, ஈரமும் வியர்வையும் புளிப்பும் பட்டால் துருப்பிடிப்பது. மாங்காய்ப் பால், எலுமிச்சைச் சாறு ஆகியவை புளிப்புள்ளவையாதலால் அலகைச் சீக்கிரம் கறுக்கச் செய்யும். மரப்பட்டையிலும் இலையிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்புடன் கூடிக் கறுப்பு நிறத்தை உண்டாக்கும். முன்னோர் கடுக்காயுடன் இரும்பைச் சேர்த்து எழுதுமை செய்த முறையும் இதுவே. இக்கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மெல்லிய இக்கறுப்புப் படலம் சிவப்புத் துரு பரவுவதை ஓரளவு தாமதப்படுத்தவும் செய்யும். அஞ்சவேண்டியது சிவப்புத் துருவுக்கே. அது கூரின் ஓரத்தை அரித்து, கண்ணுக்குத் தெரியாத பற்களை உண்டாக்கும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுவோருக்கு இத்தொல்லை இல்லை.

எவர்சில்வர் அலகோ, குரோமியம் என்னும் உலோகம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கலந்த எஃகு. இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-இல் இவ்வகை எஃகை வார்த்தார். காற்றுப் பட்டவுடன் குரோமியம் அலகின்மேல் மிக மெல்லிய படலமொன்றை உண்டாக்கிக் கொள்கிறது. அப்படலம் கீறப்பட்டாலும் தானே மீண்டும் உண்டாகிவிடும். அதுவே துருவைத் தடுக்கிறது. ஆனால் எவர்சில்வர் ஒருபோதும் துருப்பிடிக்காது என்பது சரியன்று. உப்பும் குளோரினும் நெடுநேரம் தங்கினால் அதிலும் புள்ளி புள்ளியாய் அரிப்பு விழும். தீட்டுவதற்கும் உருக்கைவிடச் சற்று அதிகப் பொறுமை வேண்டும்.

இவ்வளவில் நிறுத்தினால், துடைத்து வைக்கும் பழக்கமுள்ளவருக்கு உருக்கு, அப்பழக்கமில்லாதவருக்கு எவர்சில்வர் என்று கூறி முடித்துவிடலாம். மா ஒட்டுக் கன்றுகளுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி ஜில்லாச் சந்தூர் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு அது போதுமான விடையே. ஆனால் சாத்துக்குடி, ஆரஞ்சு முதலிய நாரத்தை இனங்களை மொட்டு ஒட்டுச் செய்யும் நாற்றங்கால்களில் அவ்விடை போதாது.

அம்மரங்களுக்கு எக்ஸோகார்ட்டிஸ் என்றொரு நோய் உண்டு. வைரஸைக் காட்டிலும் மிகச் சிறிய வைராய்டு என்னும் நச்சுப்பொருளே அதற்குக் காரணமென்பது 1972-இல் கலிபோர்னியாவில் விளக்கப்பட்டது. ரங்கபுரி எலுமிச்சை, மூவிலை ஆரஞ்சு ஆகிய வேர்ச்செடிகளின்மேல் கட்டிய மரங்களில் அடிப்பட்டை வெடித்து உரியும். மரம் குறுகி, மகசூல் குன்றும். வேறு சில வேர்ச்செடிகளின்மேல் நிற்கும் தாய்மரமோ, நோயை உள்ளே வைத்துக்கொண்டே வெளியில் செழிப்பாய்த் தோன்றும். அத்தகைய மரத்தில் குச்சி நறுக்கிய கத்தியே அடுத்த மரத்திற்கு நோயைக் கொண்டுசெல்கிறது. வேறொரு பூச்சியும் அதற்கு வேண்டுவதில்லை. கத்தியைத் தீயில் வாட்டுவதோ, ஸ்பிரிட்டால் துடைப்பதோ இந்நோயை நம்பத்தக்க விதமாய் அழிப்பதில்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் சலவைத் திரவத்தில் அலகைத் தோய்ப்பதே தக்க வழி. நூற்றுக்கு ஐந்து பங்கு வலுவுள்ள திரவம் ஒரு பங்கும் தண்ணீர் நாலு பங்கும் கலந்தால் வேண்டிய வலு கிடைக்கும். கலவையை அன்றன்று புதிதாய்ச் செய்யவேண்டும்.

இத்திரவம் உருக்கை மிக விரைவில் தின்றுவிடும். காலையில் தீட்டிய கத்தி மாலைக்குள் செந்துரு பூத்து, வாயெல்லாம் கரடுமுரடாகிவிடும். இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. நாற்றங்காலில் வேலை செய்வோர் பலர் தம் சொந்தக் காசில் வாங்கிய கத்தியையே கொண்டுவருகிறார்கள். கத்தியை மருந்து நீரில் தோய்க்கும்படி நாற்றங்கால் சொந்தக்காரர் ஆணையிடுகிறார். வேலையாள் அவர் எதிரில் தோய்த்து, அவர் அப்பால் சென்றதும் விட்டுவிடுகிறான். சொந்தக்காரர் அவனைச் சோம்பேறி என்றும் அறிவிலி என்றும் வைகிறார். அவன் அறிவிலியல்லன். தன் கூலியில் வாங்கிய கருவி தன் கண்முன் அழிவதை எவன்தான் விரும்புவான்? கெடாத கத்தியைக் கொடாமல் கெடுக்கும் மருந்தைமட்டும் கொடுப்பது நியாயமுமன்று, பலனுமளிக்காது.

ஆகையால் நாரத்தை இன நாற்றங்கால்களுக்கு எவர்சில்வர் அலகே ஏற்றது. அதனை வாங்கித் தரவேண்டியவர் நாற்றங்கால் சொந்தக்காரரே. ஆளுக்கு ஒன்று என்றாலும் அச்செலவு பெரிதன்று. நோயுள்ள தாய்மரம் ஒன்றிலிருந்து ஆயிரம் கன்றுகள் வெளியே போகக்கூடும். அவற்றை வாங்கி நட்ட சிறு விவசாயி, பட்டை உரிவதைக் காண்பது சில ஆண்டுகளுக்குப் பிறகே. அதற்குள் கிணறும் எருவும் உழைப்பும் அக்கன்றுகளுக்கே செலவாகியிருக்கும். ஒரு கத்தியின் விலையை மிச்சம்பிடித்த ஒருவரால் ஊரார் பலர் நஷ்டப்படுவது எவ்விதத்திலும் ஒப்பத்தக்கதன்று.

எவர்சில்வர் வாங்கியதோடு கவலை தீர்ந்ததென்று இருத்தலும் கூடாது. மடக்குக் கத்தியின் பிடியிலுள்ள பள்ளம் சாறும் அழுக்கும் தங்குமிடம். ஆகவே ஒரு மரத்திற்கும் அடுத்த மரத்திற்கும் இடையில் கத்தியை மடக்கலாகாது. விரித்தபடியே அலகைமட்டும் தோய்க்க வேண்டும், மரப்பிடியை நனைக்கலாகாது. நனைந்தால் மரம் உப்பி அலகு திறவாமற் போகும். மாலையில் அலகை நல்ல தண்ணீரில் கழுவி, பள்ளத்தை ஈர்க்கினால் சுரண்டித் துடைத்து, உலர்ந்தபின் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். மொட்டைப் பெயர்க்கும் நுண்ணிய வேலைக்கு ஒரு பக்கமாய்த் தீட்டிய சிறு ஒட்டுக் கத்தி தனியே உண்டு. இப்பெரிய கத்தி அதன் இடத்தைப் பிடிக்காது. ஆனால் மருந்து நீரில் தோய்க்கும் விதி அதற்கும் இதற்கும் ஒன்றே.

மாந்தோப்பு, வாழைத்தோட்டம், கொய்யாத்தோட்டம் வைத்திருப்போர் பழைய உருக்குக் கத்தியைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. அதன் கறுப்பு நிறத்தை இழிவாக எண்ணுவதும், பளபளப்பே உயர்வென்று மயங்குவதும் சரியல்ல. துடைக்கும் கையும் தீட்டும் கல்லும் உள்ள வீட்டில் அது தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உதவும். இரண்டு வகைத் தோட்டங்களும் வைத்திருப்போர் இரண்டு கத்திகளும் வைத்துக்கொள்வது நலம். ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு எடுக்காதபடி பிடியில் வர்ணம் தீட்டி அடையாளமிடலாம்.

கத்தி வாங்கப் போகிறவர் கடையில் அலகின் மினுமினுப்பைப் பார்ப்பதற்கு முன், தம் தோட்டத்து மரங்களை நினைத்துக்கொள்வாராக. அம்மரங்களுக்கு எது நன்மையோ அக்கத்தியே அவருக்கும் நல்ல கத்தி.