ஊருக்கு ஊர் ருசி: உப்பளக் கரையில் ஓர் இலை

புது ஊருக்குப் போனால் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் வழக்கமாக இரண்டே பதில்கள்தான். ஒன்று, "கையிலேயே கட்டிக்கொண்டு போய்விடலாம்." மற்றொன்று, "கூட்டமாக இருக்கிற ஹோட்டலாகப் பார்த்து நிறுத்தலாம்." முதல் பதிலால் வீட்டுப் பெண்மணிக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறும் பாக்கியம் கிடைக்கிறது. இரண்டாவது பதிலால் குடும்பம் முழுவதற்கும், எந்த ஊருக்குப் போனாலும், ஒரே சாம்பார் கிடைக்கிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த ஊர் ஜனங்கள் எந்த வேளையில், எங்கே, எதைச் சாப்பிடுகிறார்களோ, அங்கே போய் அதையே சாப்பிட்டுப் பார்ப்பது. இந்த வாரம் அந்த வழியாக உங்களை மரக்காணத்துக்கு அழைத்துப் போகிறேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம். அங்கிருந்து புதுச்சேரிக்கு இன்னும் 35 கிலோமீட்டர் இருக்கும். ஊரை நெருங்கும்போதே கண்ணாடி பதித்தது போன்ற பாத்திகளும், வெள்ளை வெளேரென்ற குவியல்களும் தெரிய ஆரம்பிக்கும். குழந்தைகள் "அம்மா, சர்க்கரை!" என்று கத்துவார்கள். உப்புதான். காகிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் வந்து முடிகிறது. லாரிகள் வருவதற்கு முந்திய நாட்களில் இங்கே விளைந்த உப்பு படகேறி அந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னைப் பட்டணத்துக்குப் போயிற்று.

இந்தக் கரையில் எங்கே என்ன கிடைக்கும் என்று சொல்ல ஒரு பழைய வழிகாட்டி இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. நல்லூர் நத்தத்தனார் பாடிய 'சிறுபாணாற்றுப்படை'யைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பத்துப்பாட்டில் ஒன்று. பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாணன், எதிரே வரும் பசித்த பாணனுக்கு, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். எப்படிச் சொல்கிறான் தெரியுமா? எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றே சொல்லிக்கொண்டு போகிறான்! கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்ந்த குழல்மீன், கூடவே தெளிந்த கள். வேலூரில் சூடான புளிச்சோறும் வேட்டை இறைச்சியும். ஆமூரில் நன்றாகக் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த வேலூரைத் திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர் என்று சொல்வாரும் உண்டு.

மீனைச் சுடுவதற்கான விறகைக்கூடக் கவிஞர் விடவில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போலக் கரையில் கிடக்கின்றனவாம். அந்தக் கள்ளை வடித்தவள் ஒரு நுளையர் பெண். புளிச்சோறு சமைத்தவர்கள் எயிற்றியர். ஆமூரில் "சாப்பிட்டுத்தான் போகவேண்டும்" என்று மறித்து உபசரிப்பவளும் ஒரு வளைக்கைக்காரிதான்.

ஆனால் அதே பாட்டில் இன்னொரு அடுக்களையும் வருகிறது. பரிசு பெறுவதற்கு முன்னால் அந்தப் பாணனுடைய வீடு இருந்த நிலை அது. பசியால் இடுப்பு ஒடுங்கிய பெண் ஒருத்தி, குப்பையிலே முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குடும்பம் சாப்பிடுகிறது. உப்பு விளையும் கடற்கரையைக் காட்டுகிற பாட்டில் உப்புக்கும் வழியில்லாத ஒரு சட்டி! சமைக்கிறவளின் பசியையும் அந்தக் கவிஞர் எழுதி வைத்தாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, இன்றைய மரக்காணத்துக்கு வருவோம். இங்கே சாப்பாட்டுக் கடைகளின் கடிகாரத்தை நடத்துவது உப்பளம். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகு பாத்தி திருத்தி, உப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள். ஐப்பசி மழை வருகிறவரையில்தான் வேலை. வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு உப்பு. அந்த வெயிலுக்கு முன்னால் முடிந்தவரை வேலையை முடிக்க வேண்டும் என்று ஆண்களும் பெண்களும் விடியுமுன்பே இறங்கிவிடுகிறார்கள். ஆகவே டீக்கடையும் இட்லிக் கடையும் இருட்டிலேயே அடுப்பு மூட்டிவிடும். நாம் சாவகாசமாக ஒன்பதரை மணிக்குப் போய் "சூடா இட்லி இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை வெளியூர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். விடியற்காலையில் போங்கள். துணி விரித்த தட்டில் ஆவி பறக்கும். மத்தியானத்துக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும். முதல் பானைச் சோற்றுக்கும் கடைசிப் பானைச் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த யுக்திகள் சில.

முதலாவது, "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு" என்று இரண்டோடு நிறுத்துகிற கடை நல்ல கடை. மூச்சு விடாமல் பத்து மீன் பெயர் சொன்னால், அவற்றில் பாதி ஐஸ் பெட்டியில் குடியிருப்பவை. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்த நாட்களில் நாட்டுப் படகு கொண்டுவருகிற சின்ன மீன்தான் புதிது. இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு கேளுங்கள். கொளுத்தும் கோடையில் மீன் குறைகிறது, உப்பு கூடுகிறது. போன மாதத்து மீனை இந்த மாதத்துக்குக் காப்பாற்றிக் கொடுப்பது அந்த உப்புதான்.

இரண்டாவது, ரசத்தைப் பாருங்கள். குழம்பில் காரமும் மசாலாவும் குற்றத்தை மறைத்துவிடும். ரசத்தில் ஒளிய இடமில்லை. உப்பும் புளியும் சரியாக நிற்கிற ரசம் எந்தக் கடையில் இருக்கிறதோ, அந்தக் கடையில் மற்றதையும் நம்பிக் கேட்கலாம்.

மூன்றாவது, கை கழுவும் இடமும் கழிப்பறையும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேர், பிரயாணத்தில் "எனக்குத் தாகமே இல்லை" என்று பொய் சொல்லிக்கொண்டு, மோர்கூட வேண்டாமென்று உட்கார்ந்திருக்கிறோம்! சாப்பாட்டை ருசி பார்க்கும்முன் அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் மாட்டியிருக்க வேண்டிய 14 இலக்கப் பதிவு எண் சுவரில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

மீன் வேண்டாத குடும்பங்கள் பயப்பட வேண்டாம். காலை இட்லியும் பொங்கலும் இருக்கவே இருக்கின்றன. கோடையானால் சாலையோரத்தில் நுங்கும் தர்பூசணியும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் சோதித்துக்கொண்டு ஊருக்குள் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நடத்துகிறவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். வாசலில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவர், மாமியார், இரண்டு குழந்தைகள், தாயார். "நாலு சாப்பாடு" என்றார் அந்தத் தாயார். "எனக்கு வேண்டாம், பசங்க எப்படியும் மிச்சம் வைக்கும்."

கடைக்கார அம்மாள் பதில் பேசவில்லை. ஐந்தாவது இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். பிறகு சொன்னார்:

"குந்தும்மா மொதல்ல. புள்ளைங்க மிச்சம் வெச்சா அது அதுங்க எலை. இது உன் எலை."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் யாரையும் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் சோறு, அக்கா" என்றாள். அந்த நெத்திலிக் குழம்பு அப்படிப்பட்டது. என் நாக்குக்கு உப்பு ஒரு கல் தூக்கல்தான். காலையெல்லாம் வியர்வை சிந்தி வருகிறவர்களுக்காக வைத்த குழம்பு வேறு எப்படி இருக்கும்?

கூட்டம் கரைந்த பிறகு, "நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "மூணு மூணரை ஆவும். கல்யாணம் ஆன நாள்லேருந்து உப்பளத்துல சுமை தூக்கனேன். அங்கயும் நின்னுக்கிட்டே கூழு குடிச்சதுதான். இப்பவாச்சும் குந்தித் திங்கறேன், தனியா" என்று சொல்லி, பாத்திரங்களை எடுக்கப் போய்விட்டார்.

ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். எண்ணெய் சரியில்லை, செலவு அதிகம், வீட்டுச் சமையலுக்கு ஈடாகுமா? ஆகாதுதான். ஆனாலும் வீட்டில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. சமைத்தவள் வேறொருத்தி, பரிமாறுகிறவர் வேறொருவர், நமக்கு முன்னால் நமக்கென்று ஓர் இலை. முன்னொரு காலத்தில் ஹோட்டலில் பெண்களைத் திரைபோட்ட 'குடும்ப அறை'யில் உட்காரவைத்தார்கள். திரை போய்விட்டது. "நான் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தை மட்டும் இன்னும் போகவில்லை.

மரக்காணத்திலிருந்து தெற்கே கிளம்பினால் ருசி மாறிக்கொண்டே வரும். கூனிமேடு, காலாப்பட்டு தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் பிரியாணி வாசனை வரவேற்கும். அதற்கப்பால் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அல்லவா, நீள ரொட்டியின் மீது பிரியம் இன்னும் போகவில்லை. நேரு வீதி இந்தியா காப்பி ஹவுஸை, 2001-ல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரை உலகமெங்கும் அறிமுகப்படுத்திவிட்டது. காப்பி ஹவுஸ்களைத் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் ஏற்பாடு 1957-ல் ஏ. கே. கோபாலன் முயற்சியால் பிறந்தது. பரிமாறுகிறவர்களே பங்குதாரர்கள் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் அந்தக் காப்பிக்குத் தனி மணம்.

வழியில் ஒரு படி கல்லுப்பும் நெத்திலிக் கருவாடும் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கரண்டி கல்லுப்பு, ஒரு கரண்டி தூளுப்பைவிட எடை குறைவு. இடையிடையே காற்று நிற்கிறது. பழைய அளவில் போட்டால் உப்பு குறையும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, மண் போக மூன்று முறை அலசுங்கள். குழம்புக்கு உப்பை முதலில் போடவே போடாதீர்கள். கருவாடு வெந்து, குழம்பு கொதித்து இறங்கும் சமயத்தில் நாக்கில் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் போடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கருவாட்டை மாதத்துக்கு ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்வதே நலம்.

அடுத்த முறை குடும்பத்தோடு வெளியூர் போகும்போது எத்தனை பேரோ அத்தனை இலை சொல்லுங்கள். உங்கள் இலையில் சோறு விழுந்ததும், சூடு ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பியுங்கள். எழுந்திருக்கும்போது, பரிமாறிய அம்மாளிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். அப்படி அவரைக் கேட்கிறவர்களும் அதிகம் இல்லை.