கும்மிடிப்பூண்டிக்கு எந்த ஏர்போர்ட் பக்கம்? மேப் சொல்லாத கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்றைக்கு ஏர்போர்ட் என்றால் மீனம்பாக்கம்தான். அடுத்து பரந்தூர் வரப்போகுது. ஆந்திரப் பக்கம் ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையமும் இருக்கு. இதில் எது பக்கம்?

நேர்கோட்டில் எவ்வளவு?

மேப்பில் நேர்கோடு போட்டு அளந்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 45 கி.மீ. பரந்தூரும் ரேணிகுண்டாவும் தலா சுமார் 65 கி.மீ. அதாவது, நம்ம புது ஏர்போர்ட்டும் பக்கத்து மாநில ஏர்போர்ட்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்!

நேர்கோட்டுக் கணக்கு எதுக்கு?

அரசு அளப்பதே இப்படித்தான். மத்திய அரசின் 2008 பசுமைவெளி விமான நிலையக் கொள்கைப்படி, ஏற்கெனவே இருக்கும் விமான நிலையத்திலிருந்து 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் புதியது வருவதாக இருந்தால், பழையதுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துத் தனியாக முடிவெடுக்க வேண்டும். பரந்தூர்-மீனம்பாக்கம் இடைவெளி 50 கி.மீ.கூட இல்லை. ஆனாலும் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதால், 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

ஓசூர் கதை வேற. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் உள்ள 150 கி.மீ. கட்டுப்பாடு 2033 வரை இருக்கு. ஒரு எண் ஒரு ஊரின் திட்டத்தையே தள்ளிப்போட முடியும்.

ரோட்டில் என்ன நிலைமை?

விமானம் நேர்கோட்டில் போகும், கார் போகாது. மீனம்பாக்கம் போக ஜி.என்.டி. ரோட்டில் துறைமுக லாரிகளோடு செங்குன்றம் வரை வந்து, பைபாஸ் பிடிக்கணும். கி.மீ. மாறாது, நேரம்தான் தினமும் மாறும். ரேணிகுண்டா பக்கம் போனால் சென்னை நெரிசல் இல்லை. ஆனா வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகணும்னா மீனம்பாக்கத்துக்குத்தான் வரணும்.

பரந்தூருக்கு எப்படிப் போவது?

இங்கேதான் சென்னை எல்லைச் சாலை முக்கியமாகுது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத் திட்டம் இது. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் தச்சூரில் ஏறி, சென்னைக்குள் நுழையாமலே ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து பரந்தூர் பக்கம் திரும்பலாம். பூந்தமல்லி-பரந்தூர் மெட்ரோ திட்டம் மேற்குச் சென்னைக்கு உதவும், வடக்கே இருப்பவர்களுக்கு இந்த ரோடுதான்.

இதில் நமக்கு என்ன?

பரந்தூர் வந்த பிறகும் மீனம்பாக்கம் இயங்கும் என்பதே அரசின் திட்டம். எந்த விமானம் எங்கே என்பதைப் பொறுத்து உங்கள் பயண நேரம் மாறும். ஒரு விமானத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கி, அடுத்ததைப் பரந்தூரில் பிடிக்க வேண்டி வந்தால், நடுவில் ஒரு சாலைப் பயணமே இருக்கு. நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பரில் இயங்கத் தொடங்கியதிலிருந்து மும்பை பயணிகளும் டிக்கெட்டில் ஏர்போர்ட் பெயரைப் பார்த்துத்தான் கிளம்பணும்.

பரந்தூருக்காக நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்தில் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். அவ்வளவு பெரிய விலை கேட்கும் ஒரு திட்டத்தின் பலன் திருவள்ளூரின் வடகோடிக்கும் வர வேண்டாமா? அதனால், ‘பரந்தூர் எத்தனை கி.மீ.?’ என்று கேட்பதைவிட, ‘ரன்வே தயாராகும்போது தச்சூர்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் தயாரா இருக்குமா?’ என்று கேட்பதுதான் சரியான கேள்வி.