மூன்றாம் காலத்தில் ஒரு கிட்டார்

தாம்பரம் பக்கம் கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், இரண்டாவது நிமிடமே ஓர் எண் வந்து விழும். ‘நூத்தி நாப்பதுல வாசிக்கிறேன் சார்’ என்பான் ஒருவன். ‘நூத்தி இருபதைத் தாண்டினா கை இறுகிடுது சார்’ என்பாள் இன்னொருத்தி. மெட்ரோனோம் நிமிடத்துக்கு எத்தனை முறை தட்டுகிறது என்பதுதான் அந்த எண். தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்ற கணக்கில் 150-ஐத் தொட்டுவிட்டால் விநாடிக்குப் பத்து ஸ்வரம். தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக்கை ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே என்று மாற்றி மாற்றியே வாசிக்கும் ஆல்டர்நேட் பிக்கிங்கில் அது லேசுப்பட்ட வேகமில்லை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். பதினாறு வயதில் வேகத்துக்கு ஆசைப்படாவிட்டால் வேறு எப்போது ஆசைப்படுவது?

என் குறை, அவர்கள் அந்த எண்ணை நோக்கிப் போகும் வழியைப் பற்றியது. 60-இல் ஆரம்பி, சுத்தமாக வந்ததும் 64, பிறகு 68 என்று படிப்படியாக ஏற்று என்பதுதான் எல்லோரும் சொல்லித்தரும் பாடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெதுவாக வாசிக்கும்போது கை என்ன தப்பு செய்தாலும் செல்லுபடியாகிவிடும். முழங்கையிலிருந்து மொத்தக் கையையும் ஆட்டலாம், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிக்கை அரை அங்குலம் தூக்கலாம், கட்டைவிரலை மடக்கி நீட்டலாம். எல்லாமே சுத்தமாகத்தான் கேட்கும். அந்த அசைவையே நாலு நாலாக ஏற்றிக்கொண்டு போனால் 110, 120 பக்கத்தில் ஒரு சுவர் வரும். தோள் காதுவரை ஏறும், முன்கை கல்லாகும். வேகத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பது மணிக்கட்டின் மிகச் சிறிய அசைவுதான். அது எப்படி இருக்கும் என்று மெதுவாகவே வாசித்துக்கொண்டிருந்த கைக்குத் தெரியவே தெரியாது.

இதைப் புரிந்துகொண்ட இன்னொரு கட்சி, முதலிலேயே முழு வேகத்தில் வாசி, சுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. அதிலும் உண்மை இருக்கிறது. வேகமான அசைவை வேகமாகச் செய்துதான் கண்டுபிடிக்க முடியும். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறோம் என்று தெரியாத வேகத்தில் காது கெட்டுப்போகிறது. கரகரவென்று ஒரு சத்தம், அதற்குள் ஸ்வரம் இருக்கிறதா இல்லையா என்று வாசிப்பவருக்கே தெரிவதில்லை.

இந்த வழக்குக்கு நம் ஊரில் எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையை எந்தப் பாட்டு வகுப்பிலும் குழந்தைகள் மூன்று காலத்தில் பாடுவார்கள். ஆதி தாளத்தில் முதல் காலம் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலம் இரண்டு, மூன்றாம் காலம் நான்கு. கையில் போடும் தாளம் ஓர் இம்மிகூட நகராது. அதே நிதானமான கைக்குள், அதே வரிசை, ஒரே உட்காரலில், நடையாகவும் ஓட்டமாகவும் வந்துபோகிறது. மெதுவாக வாசித்தால் என்ன கேட்க வேண்டும் என்பதை முதல் காலம் காதுக்குச் சொல்கிறது. வேகமாக வாசித்தால் கை எப்படி அசைய வேண்டும் என்பதை மூன்றாம் காலம் சொல்கிறது. மூன்றாம் காலத்தில் கை சிக்கினால் அடுத்த நிமிடமே முதல் காலத்துக்கு வந்து எந்த இடம் என்று பார்த்துக்கொள்ளலாம். மெதுவா, வேகமா என்ற சண்டைக்கே அங்கு இடமில்லை.

கிட்டாரில் இதை வாசித்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கிட்டார் வைத்திருப்பவர்கள் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. ஐந்தாம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை ஸட்ஜமாக வையுங்கள். ஸ, ரி இரண்டும் அந்தத் தந்தியின் 3, 4-ஆவது ஃப்ரெட்டில். க, ம, ப, த நான்கும் நான்காம் தந்தியின் 2, 3, 5, 6-இல். நி, மேல் ஸ இரண்டும் மூன்றாம் தந்தியின் 4, 5-இல். தந்திக்கு எத்தனை ஸ்வரம் என்று பாருங்கள்: இரண்டு, நான்கு, இரண்டு. எல்லாம் இரட்டைப்படை. டவுனில் தொடங்கினால் ஒவ்வொரு தந்தியும் அப்-இல் முடியும், அடுத்த தந்தி மறுபடி டவுனில் தொடங்கும். இறங்கி வரும்போதும் இதே கணக்குதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆல்டர்நேட் பிக்கிங்கில் ஒரே தந்தியில் வாசிப்பது யாருக்கும் ஓரளவு வந்துவிடும். உயிரை வாங்குவது தந்தி மாறும் இடம். பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், அடுத்த தந்திக்குப் போக நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்தக் குதிப்பில்தான் தாளம் தவறும், பக்கத்துத் தந்தி உரசும். பிக்கைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அப் ஸ்ட்ரோக் முடியும்போது அதன் நுனி தானாகவே தந்திகளின் மட்டத்துக்கு மேலே எழும்பிவிடும். ஒவ்வொரு தந்தியும் அப்-இல் முடிகிற ஒரு வரிசை கையில் இருந்தால் குதிக்கவே வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் போதும். மின்னல் வேகத்துக்குப் பேர்போன ஸ்வீடன் கிட்டார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீனின் கையை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: அவர் தந்திக்கு இரட்டைப்படை ஸ்வரங்களாகவே பெரும்பாலும் அமைத்துக்கொள்கிறார். குழந்தைகள் பாடும் முதல் பாடம் கிட்டாரில் இப்படி உட்கார்வதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஜண்டை வரிசைக்கு வந்தால் பாடம் வேறு. ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும். கிட்டாரில் முதலாவது டவுன், இரண்டாவது அப். பாட்டு வகுப்பில் ஆசிரியர்கள் விடாமல் திருத்துவது, இரண்டாவது ஸ்வரத்தில் அழுத்தம் கொடு என்பதைத்தான். பெருங்களத்தூரிலிருந்து என்னிடம் கற்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சின்ன வயதில் பாட்டுக் கற்றவள். கிட்டாரில் அவளுடைய டவுன் கணீரென்று விழும், அப் ஒப்புக்கு உரசிக்கொண்டு போகும். ஏறக்குறைய எல்லோருக்கும் இதே நோய்தான், பூமி கீழே இழுப்பதால் டவுனுக்கு இலவசமாகவே கனம் கிடைக்கிறது. ஜண்டை வரிசையை வாயால் பாடச் சொன்னேன். பழக்கத்தில் இரண்டாவது ஸ்வரத்தை அழுத்தியே பாடினாள். அதே அழுத்தத்தைக் கையில் கொண்டு வா என்றேன். ‘அப்ப மேல போறதுதான் சார் பலமா விழணும்’ என்றாள். அவ்வளவுதான். அப் ஸ்ட்ரோக்கைப் பலப்படுத்த இதைவிட நல்ல பயிற்சியை நான் எந்தக் கிட்டார் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அன்று அவளுடைய பிக்கையும் பார்த்தேன். விரல்களுக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நீளம் தந்திக்குள் இறங்கினால் ஒவ்வொரு முறையும் சேற்றிலிருந்து காலை எடுப்பதுபோல் இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். நுனி மட்டும், ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர், தந்தியைத் தொட்டால் போதும். உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜின் மேல் மெத்தென்று உட்கார்ந்திருக்க வேண்டும். பிக்கைப் பிடிக்கும் அழுத்தம், யாராவது உருவினால் சிரமமில்லாமல் கையை விட்டு வரும் அளவில் இருக்க வேண்டும். நம் ஊர் வேர்வையில் அது வழுக்கும், அதற்காக இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். சொரசொரப்பான பிக் வாங்கிக்கொள்ளலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு கெட்ட பழக்கம் வளர்கிறது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமலே பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள். சத்தம் கேட்க வேண்டுமே என்று ஓங்கி அடிக்கிறார்கள். பிறகு மேடையில் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது அடக்காத தந்திகள் எல்லாம் சேர்ந்து இரைகின்றன. விலை குறைந்த ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று போதும், இந்தக் கஷ்டம் தீர்ந்தது. கடற்கரை ஊரின் ஈரத்தில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தியில் இடது கை விரல் வழுக்காது, வலது கை மீது பழி விழும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள்.

இடது கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கரகரப்புக்கு முக்கால்வாசிக் காரணம் இரண்டு கைகளும் ஒரே கணத்தில் சந்திக்காததுதான். விரல் ஃப்ரெட்டில் பதிவதற்கு முன் பிக் அடித்துவிடும், அல்லது அடுத்த அடி விழும் முன் விரல் எழுந்துவிடும். வலது கையின் வேகத்தை மட்டும் ஏற்றினால் இந்த இடைவெளி இன்னும் மோசமாகும். இரண்டு கைகளையும் ஒரே கணத்துக்கு வரவழைப்பது வாய். தகதிமி என்று சொல்லிக்கொண்டு வாசித்தால் இரண்டு கைகளும் அந்தச் சொல்லிடம் போய்ச் சேர்கின்றன.

இதற்கு உலகமறிந்த சாட்சிகள் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1981-இல் சென்னை இசை விழாவில் அரங்கேறியபோது சின்னப் பையன். நான்கு ஜோடித் தந்திகள் கொண்ட மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினாக மாற்றிக்கொண்டு, கையில் பிக்கோடு, கர்நாடக சங்கீதத்தை அதில் முழுதாக வாசித்துக் காட்டினார். அவருடைய குரு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர், மாண்டலின் வாசிப்பவர் இல்லை. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். துரித காலத்தில் ஸ்ரீநிவாஸ் ஸ்வரங்களைக் கொட்டும்போதும் ஒவ்வொன்றும் முத்து முத்தாகத் தனித்து நின்றதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வேகம் பிக்குக்கு வருமுன் ஒரு குரலில் இருந்தது. 2014-இல், 45 வயதில் அவர் போனது இன்னும் ஆறாத இழப்பு.

அவரோடு மேடையைப் பகிர்ந்துகொண்ட மேற்கத்தியக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் எதிர்த் திசையிலிருந்து இங்கே வந்தவர். ஆல்டர்நேட் பிக்கிங்கில் உலகமே அண்ணாந்து பார்த்த கை அது. 1970-களின் நடுவில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். கமகம் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வாசித்தார். அத்தனை வேகம் கைவசம் இருந்தவர் வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோலைக் கற்று, பிறகு கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷுடன் சேர்ந்து அதைப் பிறருக்குக் கற்பிக்கும் பாடக் காணொளியும் வெளியிட்டார். ஐ.ஐ.டி. சென்னையில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போன கிட்டார் பிரசன்னாவைக் கேட்டால் இன்னொன்று புரியும். அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக்கால் அடிப்பதில்லை. ஓர் அடியில் இடது விரல் சறுக்கி இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பாடிவிடுகிறது. எங்கே அடிப்பது, எங்கே அடிக்காமல் விடுவது என்பதும் பிக்கிங்கில் சேர்த்திதான்.

மூன்று காலமும் சுத்தமானபின் நடை மாற்றிப் பாருங்கள். தகிட என்று தட்டுக்கு மூன்று வைத்தால் முதல் தட்டு டவுனில் தொடங்கும், அடுத்தது அப்-இல். தகதகிட என்று ஐந்து வைக்கும் கண்ட நடையிலும் அப்படித்தான். தட்டின் தலையில் எப்போதும் டவுன்தான் விழும் என்று நம்பிக்கொண்டிருந்த கை இங்கே தடுமாறும். தடுமாறட்டும். அழுத்தம் தாளத்துக்குச் சொந்தம், ஸ்ட்ரோக்குக்கு இல்லை என்பதைக் கண்ட நடையில் ஒரு வாரம் வாசித்தாலே கை ஒத்துக்கொள்ளும். 150-க்கு ஆசைப்படுபவர்கள் மெட்ரோனோமை 75-இல் வைத்துத் தட்டுக்கு எட்டு என்றும் வாசித்துப் பாருங்கள். வேகம் அதேதான், ஆனால் தட்டுகள் தள்ளித் தள்ளி விழுவதால் தோள் இறங்கிவிடும்.

பல்லாவரம், பரங்கிமலை ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும், தேவாலயப் பாடகர் குழுக்களிலும், 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதி அறைகளிலும் வளர்ந்தது எங்கள் பக்கத்துக் கிட்டார். இன்று செலையூரிலும் மேடவாக்கத்திலும் எத்தனையோ கட்டடங்களில் கீழ்த்தளத்தில் பாட்டு வகுப்பு நடக்கிறது, மாடியில் கிட்டார் வகுப்பு. இரண்டு வகுப்புகளும் படிக்கட்டில் செருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் விடுவதோடு சரி. வாரத்துக்கு ஒரு நாள், பத்தே நிமிடம், இரண்டையும் சேர்த்து உட்கார வைக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டுப் பிள்ளைகள் தாளம் போட்டு மூன்று காலமும் பாடட்டும், கிட்டார் பிள்ளைகள் கூடவே வாசிக்கட்டும். சுருதியைப் பாடுபவர்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேபோ இருக்கிறது. யாராவது சிக்கினால் பாட்டு நிற்காது, அடுத்த ஆவர்த்தனத்தில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.