கம்பெனி வளர்ந்தால் நாமும் வளர்வோமா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறார். அங்கே சம்பள ஒப்பந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வாதம்தான் காதில் விழுகிறதாம். "இப்போது அதிகம் கேட்காதீர்கள். நம் செலவு குறைவாக இருந்தால்தான் புது விமானங்கள் நமக்கு வரும். கம்பெனி வளர்ந்தால் நீங்களும் வளர்வீர்கள்." இதைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன். விமானத்தில் ஏறாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் சிறு நகரங்களுக்குப் போகும் விமானத்தின் மேல் அமெரிக்கன் ஈகிள், டெல்டா கனெக்ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்று பெரிய பெயர் எழுதியிருக்கும். ஓட்டுவது பெரும்பாலும் வேறொரு சிறிய நிறுவனம். எந்த ஊருக்குப் போக வேண்டும், டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் பெரிய நிறுவனத்தின் முடிவு. சிறிய நிறுவனத்துக்கு ஓட்டுகிற கூலிதான். பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டும் ஒப்பந்தக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வேன் வேண்டும் என்று அவரா முடிவு செய்கிறார்?

இப்படி ஓட்டும் நிறுவனங்கள் பல. ஒரே வேலைக்குப் போட்டி போடுகின்றன. விமானம், எரிபொருள், பழுதுபார்ப்பு இவற்றின் விலையில் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ஆட்களின் சம்பளம்தான். அதனால், "பக்கத்து நிறுவனத்து விமானிகள் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள் மறுத்தால் விமானம் அங்கே போய்விடும்" என்று ஒவ்வொரு கூட்டத்திடமும் சொல்ல முடிகிறது.

இளைஞர்கள் இதற்கு மயங்குவது முட்டாள்தனம் அல்ல. நம் ஆசிரியர்களுக்குப் பணிமூப்புப் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். விமானிக்கு அதுதான் எல்லாம். எந்த ஊரில் வேலை, எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் என எல்லாவற்றையும் அந்த வரிசை எண்ணே தீர்மானிக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் பட்டியலின் கடைசியில்தான் நிற்க வேண்டும். நிறுவனம் வளர்ந்தால் கேப்டன் பதவி சீக்கிரம் வரும், சம்பளமும் பெரிதாக உயரும். ஆகவே வளர்ச்சி என்பது அவர்களுக்கு வெறும் வாய்ச்சொல் அல்ல.

நடந்த கதைகளைப் பார்ப்போம். 2013இல் பிஎஸ்ஏ நிறுவனத்தின் விமானிகள் செலவைக் குறைக்கும் விட்டுக்கொடுப்புகளுக்குச் சம்மதித்தார்கள். புது விமானங்கள் வந்தன. சில ஆண்டுகளில் நிறுவனம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்தது. இளம் விமானிகள் வேகமாகக் கேப்டன் ஆனார்கள். இதை மறைத்துவிட்டு நான் வாதாடக் கூடாது.

அதே குடும்பத்தில் இன்னொரு நிறுவனம் என்வாய். அதன் விமானிகளிடமும் விட்டுக்கொடுப்பு கேட்டார்கள். மறுத்தால் நிறுவனம் சுருங்கும் என்ற எச்சரிக்கையும் வந்தது. 2014 மார்ச்சில் பெரும்பான்மையாக 'முடியாது' என்று வாக்களித்தார்கள். கஷ்டமான மாதங்கள் வந்தன. ஆனால் பிறகு வேறொரு உடன்பாடு ஏற்பட்டு, 2015இலேயே எம்ப்ரேயர் 175 விமானங்கள் அங்கே வரத் தொடங்கின. இன்று என்வாயின் முக்கிய விமானமே அதுதான். 'முடியாது' என்றதால் உலகம் முடிந்துவிடவில்லை.

மூன்றாவது கதை கோமேர். சின்சினாட்டி பக்கத்து நிறுவனம், டெல்டாவுக்குச் சொந்தமானது. 2001இல் அதன் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் பெற்றார்கள். 2005 தொடக்கத்தில், புது விமானங்கள் வரும் என்ற பேச்சை நம்பிச் சம்பள உயர்வை நிறுத்திவைக்கவும் ஒத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்டாவும் கோமேரும் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயின. மறுபடியும் சம்பளக் குறைப்பு கேட்டார்கள். 2012 செப்டம்பர் 29ஆம் தேதி கோமேர் மூடப்பட்டது. போராடியதால்தான் மூடினார்கள் என்று சிலர் சொல்வார்கள். செலவு ஒரு காரணம்தான். ஆனால் விட்டுக்கொடுத்ததும் அவர்களைக் காப்பாற்றவில்லையே! 50 இருக்கை விமானங்களே இனி லாபமில்லை என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்த பிறகு, கீழே இருப்பவர்கள் எவ்வளவு குறைத்துக்கொண்டாலும் என்ன பயன்?

இங்கேதான் என் கருத்து. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்கள். சிறிய நிறுவனத்தின் மேலாளர் தருவதாகச் சொல்லும் வளர்ச்சி அவருடைய நெய் அல்ல. அது பெரிய நிறுவனத்தின் பானையில் இருக்கிறது. ஆனால் விமானி விட்டுக்கொடுக்கும் சம்பளம் விமானியின் சொந்த நெய். தன் கையில் இல்லாததைக் காட்டி, உங்கள் கையில் இருப்பதை வாங்குவது சம பேரம் ஆகாது.

இன்னொன்று. அமெரிக்காவில் ரயில், விமான ஊழியர்களுக்கு 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம்தான் பொருந்தும். 1936 முதல் விமானத் துறையும் அதில் வந்தது. அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது, திருத்தத்துக்கு உரியதாக மட்டுமே ஆகும். புது ஒப்பந்தம் வரும்வரை பழையதே ஓடும். மத்தியஸ்த வாரியம் விடுவிக்கும்வரை வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. அதாவது இன்று கையெழுத்திட்ட குறைந்த சம்பளம் நினைத்ததைவிட நீண்ட காலம் கூடவே வரும். விமானமோ அடுத்த ஆண்டே வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம்.

பணம் இல்லை என்றார்களே, அது உண்மையா? 2014 வாக்கில் புதிய துணை விமானிக்கு மணிக்குச் சுமார் 25 டாலர். அதுவும் விமானம் நகரும் நேரத்துக்கு மட்டும். கொரோனாவுக்குப் பிறகு விமானிப் பஞ்சம் வந்தது. 2022 ஜூனில் அதே என்வாய் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அறிவித்தது. அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரைக்குமான தற்காலிகக் கூடுதல் என்றும் சொன்னார்கள். நிறுவனத்துக்கு மனம் இரங்கியதால் இது நடக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை, அதனால் நடந்தது. தேவை வந்தால் பணமும் வரும். தேவை தீர்ந்தால் தற்காலிகம் போய்விடும், ஒப்பந்தத்தில் எழுதியதுதான் நிற்கும்.

பயணிகளான நமக்கு இதில் என்ன? 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்தபோது விமானத்தைத் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. சம்பளம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார் என்பதும், அவர் வாங்கிய சொற்பச் சம்பளமும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தன. வேலை செய்யும் ஊரில் வாடகை கொடுக்க முடியாத விமானியை நம்பித்தான் நாம் சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறோம்.

எனவே வளர்ச்சி பற்றி யாராவது பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை விமானம், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் உண்டா? வராவிட்டால் விட்டுக்கொடுத்த சம்பளம் தானாகத் திரும்புமா? அந்தக் காகிதத்தில் பெரிய நிறுவனத்தின் கையெழுத்து இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வளர்ச்சிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் சம்பளத்தையும் ஓய்வு விதிகளையும் முதலில் எழுதி வாங்குங்கள்.

நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் "புதுக் கட்டடம் எழும்பட்டும், அப்புறம் சம்பளத்தைப் பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! கட்டடம் எழும்பிவிடும். "அப்புறம்" என்பதற்குத்தான் தேதி இருக்காது. அவர்களும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறிப்பாக நிர்வாகத்தில் இருந்தவர்கள் எழுதினால் மகிழ்ச்சி.