எந்தக் குப்பியில் ஊற்றி வைப்பது?

நுழையும்முன்
அறிவியல் பாடம் என்பது வாய்பாடும் வரையறையும் மட்டும்தானா? ஒன்றையொன்று மறுக்கும் இரு கூற்றுகள் மோதும் இடத்தில் சிரிப்புப் பிறக்கும். சில வேளைகளில் புதிய அறிவும் பிறக்கும். வகுப்பறையில் எழும் குறும்புக் கேள்விகளின் மதிப்பை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. எதையும் கரைக்கும் திரவம் ஒன்றைப் பழங்கால இரசவாதிகள் தேடி அலைந்த கதையை ஆசிரியர் சுவைபடச் சொல்லி முடிக்கிறார். கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் எழுகிறது: "ஐயா, அப்படியொரு திரவம் கிடைத்திருந்தால் அதை எந்தக் குப்பியில் ஊற்றி வைத்திருப்பார்கள்?"

வகுப்பு முழுவதும் சிரிப்பலை. இப்போது ஆசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. "பாடத்தைக் கவனி" என்று கேள்வியை அமர்த்திவிடலாம். கரும்பலகையின் ஓரத்தில் அதை எழுதியும் வைக்கலாம். எழுதி வைப்பதே சிறந்தது. அதனால் பாடம் கெடுவதில்லை, வளரவே செய்கிறது.

குறும்பும் கூர்மையும்

குப்பி கரையவில்லை என்றால், அத்திரவம் எதையும் கரைக்கும் என்ற கூற்று பொய்யாகிவிடும். குப்பி கரைந்தால் திரவம் கைக்கு எட்டாது. எனவே, அத்தகைய திரவம் தன் குப்பியில் இருப்பதாக எவரேனும் சொன்னால், அவர் சொல்லைக் குப்பியே மறுத்துவிடும்.

இக்குறும்பு உண்மையான வேதியியலுக்கும் வழிகாட்டுகிறது. பொன்னையும் கரைக்கும் இராஜ திராவகம் கண்ணாடிக் குப்பிக்குள் அமைதியாக இருக்கிறது. கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ நெகிழிக் குப்பிக்குள் அடங்கிக் கிடக்கிறது. கரைத்தல் என்பது ஒரு பொருளின் தனி வலிமையன்று. இரு பொருள்களுக்கு இடையிலான உறவு. ஒரு சிரிப்பின் முடிவில் இந்த உண்மை கிடைக்குமானால், அச்சிரிப்புக்குச் செலவான நேரம் வீணன்று.

தன் சொல்லைத் தானே மறுக்கும் கூற்றைத் தமிழரும் ஆராய்ந்திருக்கின்றனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை அளவை நூலின் நுட்பங்களை விளக்குகிறது. அங்கே, குற்றமுள்ள கூற்றுகளுள் ஒன்றாகத் தன் சொல்லோடு முரண்படுவது எண்ணப்படுகிறது. ஒருவன் தன்னைப் பெற்ற தாயையே மலடி என்பது அதற்குத் தரப்படும் சான்று. அவன் அங்கே நிற்பதே அவன் கூற்றுக்கு மறுப்பாகிவிடுகிறது!

முரண் திறந்த கதவுகள்

எடை மிகுந்த பொருள் விரைவாகவும் எடை குறைந்த பொருள் மெதுவாகவும் விழும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. 1638 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கலிலியோ அக்கருத்தையே ஏற்பதுபோல் ஏற்று, ஒரு சிக்கலை முன்வைத்தார். பெருங்கல்லையும் சிறுகல்லையும் சேர்த்துக் கட்டிக் கீழே விட்டால் என்ன ஆகும்? சிறுகல் பெருங்கல்லைத் தாமதப்படுத்தும். ஆகவே இணைந்த கற்கள் பெருங்கல்லைவிட மெதுவாக விழ வேண்டும். ஆனால், அவற்றின் மொத்த எடை பெருங்கல்லின் எடையைவிட மிகுதி. ஆகவே விரைவாக விழ வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ இயலாது. பிழை கற்களிடம் இல்லை; தொடக்கத்தில் கொண்ட கருத்தில் இருக்கிறது. 1971 இல் அப்போலோ 15 பயணத்தின்போது, காற்றில்லாத நிலவில் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

"இரவில் வானம் ஏன் இருண்டிருக்கிறது?" என்பது குழந்தையின் கேள்விபோல் தோன்றும். "கதிரவன் மறைந்துவிடுவதால்" என்று நாம் உடனே விடை சொல்லிவிடுவோம். ஆயினும், பேரண்டம் எல்லையற்றதாகவும் என்றும் மாறாததாகவும் இருந்து, விண்மீன்கள் எங்கும் பரவியிருந்தால், எத்திசையில் நோக்கினும் நம் பார்வை ஏதேனும் ஒரு விண்மீனில் சென்று முடிய வேண்டும். இரவு வானம் முழுவதும் ஒளிமயமாக இருக்க வேண்டும். 1823 இல் ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ் இம்முரணை எடுத்துரைத்தார். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளே என்பதால், மிகத் தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை என்பது இன்று நாம் அறிந்த முதன்மையான விடை. பேரண்டம் விரிவடைந்து வருவதும் அவ்விருளுக்குத் துணைசெய்கிறது.

எல்லாக் கேள்விக்கும் இடமுண்டா?

'இப்படியே போனால் பாடத்திட்டம் எப்போது முடியும்? பொதுத்தேர்வு காத்திருக்குமா?' என்னும் கவலை நியாயமானதே. முரண்போலத் தோன்றுவன எல்லாம் முரணும் அல்ல. "விருந்தைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததைவிடக் கஞ்சி சிறந்தது, ஆகவே விருந்தைவிடக் கஞ்சி சிறந்தது" என்று ஒருவர் வாதிட்டால், 'ஒன்றுமில்லை' என்னும் சொல் இரு பொருளில் வந்து ஏமாற்றுகிறது என்பதைக் கண்டால் போதும். அதைக் கண்டறிவதற்கு ஐந்து நிமிடங்கள் ஆகலாம். ஆனால், விளம்பரத்தையும் வதந்தியையும் ஆராய்ந்து பார்க்கும் பழக்கம் அந்த ஐந்து நிமிடங்களில்தான் தொடங்குகிறது. கேள்வி கேட்டவரை வகுப்பு நகைத்து அடக்கினால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. அடுத்துக் கேட்க எண்ணியிருந்த பலரும் வாய் மூடிக்கொள்வர்.

விடை தெரியாத கேள்வியைக் கண்டு ஆசிரியரும் அஞ்ச வேண்டியதில்லை. "நாளை சேர்ந்து தேடுவோம்" என்பதும் ஒரு நல்ல விடையே.

புதன்கிழமைத் தேர்வு

"அடுத்த வாரம் ஒருநாள் தேர்வு நடக்கும், எந்த நாள் என்பதை முன்னதாக நீங்கள் அறிய முடியாது" என்று ஓர் ஆசிரியர் அறிவிக்கிறார். மாணவர்கள் கூடி ஆராய்கின்றனர். வெள்ளியன்று நடக்காது, வியாழன் மாலையே தெரிந்துவிடுமே! வெள்ளி நீங்கினால் வியாழனும் அவ்வாறே நீங்கும். பிறகு புதன், செவ்வாய், திங்கள் என எல்லா நாள்களும் ஒவ்வொன்றாக நீங்குகின்றன. 'தேர்வே நடக்காது' என்று தருக்கத்தால் நிறுவிவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கின்றனர். புதனன்று வினாத்தாள் வருகிறது, ஒருவர்கூட எதிர்பார்க்கவில்லை. ஆசிரியரின் சொல் அப்படியே பலித்துவிட்டது!

மாணவர்களின் வாதம் எந்த இடத்தில் பிழைத்தது? இதற்கு அனைவரும் ஏற்கும் ஒரே விடையைத் தருக்க அறிஞர்கள் இன்னும் எட்டவில்லை. வகுப்பில் கூடி விவாதிக்க ஏற்ற புதிர் இது. விவாதம் முடியும்வரை, புத்தகத்தைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.