பெட்டி வருது, பாதை எங்கே?

வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிறவரைக்கும் அவன் நாட்டுக்கு அந்நியச் செலாவணி. செத்துப்போனால் சரக்கு. கோபத்தில் சொல்லும் வார்த்தை இல்லை இது. பயணிகள் வாசலில் போனவன் கார்கோ வாசலில்தான் திரும்பி வருகிறான். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்த பிணங்களை 2019 ஜனவரி வரைக்கும் ஏர் இந்தியா பெட்டியோடு எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியது. அப்போது அது அரசாங்கக் கம்பெனி. அங்கிருந்த நம் ஆட்கள் கத்திக் கூப்பாடு போட்ட பிறகுதான் பெரியவருக்கு 1,500 திர்ஹம், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 750 திர்ஹம் என்று ஒரே கட்டணம் வைத்தார்கள். பருத்தி மூட்டைக்கும் பொணத்துக்கும் ஒரே தராசு வைத்திருந்த அரசு இது.

கரிசக்காட்டில் சாவு இப்படி வருவது யாருக்கு? மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். நிலமில்லாதவனுக்கு ரெண்டுமே கூலிதான். கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் காலனிகளில் பொண்டாட்டி தாலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுத்தான் பயல்கள் விமானம் ஏறுகிறார்கள். ஊருக்குள் கைகட்டி நிற்க மாட்டேன் என்று போகிறவர்கள் அவர்கள். அதுவும் ஒரு எதிர்ப்புதான்.

போனவன் திரும்பாதது நம்ம சனத்துக்குப் புதுசும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்குக் கங்காணி ஓட்டிக்கொண்டு போன கூட்டம் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தது. காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். யாருக்கும் பெட்டி வரவில்லை. பேர்ப் பட்டியல்கூட முழுசாகக் கிடையாது.

இப்போது பெட்டி வருகிறது. எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். 2024 ஜூன் 12 விடியக்காலையில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. 45 இந்தியர்கள் செத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர். அதில் ஒருவர் நம்ம கோவில்பட்டி வட்டாரத்துக்காரர். ஜூன் 14ஆம் தேதியே இந்திய விமானப் படை விமானம் கொச்சியில் வந்து இறங்கியது. மந்திரிமார் வரிசையாக நின்றார்கள். நல்லது. ரெண்டே நாளில் முடியும் என்று அரசே நிரூபித்துவிட்டது. அப்படியானால் தனியாகச் செத்தவன் பெட்டி மட்டும் ஏன் மாசக்கணக்கில் வருவதில்லை? 2014க்கும் 2019க்கும் இடையில் வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 34,000 இந்தியத் தொழிலாளர்கள் செத்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கும் மேல். ஒண்ணொண்ணாகச் செத்ததால் கேமரா வரவில்லை. கேமரா வராததால் விமானமும் வரவில்லை.

என் சின்னையா மகன் சவூதியில் கட்டட வேலை பார்த்தான். ராத்திரி படுத்தவன் காலையில் எந்திரிக்கவில்லை. வயசு முப்பத்தொண்ணு. காகிதத்தில் 'மாரடைப்பு'. பெட்டி வர அறுபத்தெட்டு நாள். மரணச் சான்றிதழ், போலீஸ் அறிக்கை, முதலாளி கையெழுத்து, குடும்பத்தார் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம், தூதரகத் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்திய சான்று. ஒண்ணு இல்லாவிட்டால் அடுத்தது கிடையாது. பாக்கிச் சம்பளம் எல்லாம் தீர்ந்தது என்று எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்றது கம்பெனி. "எம்புள்ள மொகத்தக் காட்டுங்கய்யா, காசு யாருக்கு வேணும்" என்று சின்னம்மா கைநாட்டு வைத்தாள். ஏழு மாசச் சம்பளம் அந்தக் கைநாட்டோடு போயிற்று. பிணத்தைப் பிணையாக வைத்துக் கூலியைத் தின்கிறவனை என்ன பேர் சொல்லி அழைப்பது?

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா பத்து லட்சம் தருவது விபத்துச் சாவுக்கு. மாரடைப்புக்கு இல்லை. ஐம்பது டிகிரி வெயிலில் கம்பி கட்டினவன் நெஞ்சு வெடித்தால் அது இயற்கை மரணமாம்! கத்தாரில் தொழிலாளர் சாவுகளைச் சரியாக விசாரிக்காமலே 'இயற்கைக் காரணம்' என்று எழுதிவிடுகிறார்கள் என 2021இலேயே ஆம்னெஸ்டி அம்பலப்படுத்தியது. இன்னொன்று: அந்தக் காப்பீடு கட்டாயமாக இருப்பது குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான். பத்தாவது பாஸ் பண்ணிய நம்ம பயலுக்குக் கட்டாயமில்லை. விசிட் விசாவில் ஏற்றி அனுப்பப்பட்டவனுக்கு எதுவுமே இல்லை.

"மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதானே, அங்கேயே புதைத்தால் என்ன?" என்று பகுத்தறிவு பேசும் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கருமாதிச் சடங்குக்காக நாம் உடலைக் கேட்கவில்லை. அந்த உடல்தான் சாட்சி. எப்படிச் செத்தான் என்பதை மறு பிரேதப் பரிசோதனையில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி. அதை அங்கேயே புதைத்தால் முதலாளிக்கு வழக்கு முடிந்தது. பெத்தவளுக்குக் கடைசியாக முகம் பார்க்கிற உரிமையைச் சாஸ்திரம் கொடுக்கவில்லை. சாஸ்திரத்தால் எடுக்கவும் முடியாது.

சரி, பெட்டி வந்துவிட்டது. ஏழு கடல் தாண்டி வந்த பெட்டி ஊர் எல்லையில் நிற்கிறது. பொதுப் பாதையில் போகக் கூடாது, ஓடைக்குள் இறங்கிப் போ என்கிறது சாதி. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் நீதிமன்ற உத்தரவு இருந்தும் தலித் முதியவர் உடலைப் பொதுப்பாதையில் விடவில்லை. போலீசே தூக்கிப் போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்திலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சவூதி முதலாளி கேட்டது ஒரு கையெழுத்து. ஊர் ஆதிக்கசாதி கேட்பது நம் முதுகெலும்பை.

இந்த ரெண்டும் வேறு வேறு இல்லை என்பதற்குக் கொடியங்குளம் சாட்சி. வளைகுடாக் காசில் நிமிர்ந்த அந்த ஊருக்குள் 1995 ஆகஸ்ட் 31 அன்று புகுந்த போலீஸ் டி.வி.யையும் தையல் மிஷினையும் உடைத்ததோடு நிற்கவில்லை. படித்த பையன்களின் பாஸ்போர்ட்டுகளைப் போட்டுக் கொளுத்தியது. எதைக் கொளுத்தினால் நாம் திரும்பவும் வரப்புக் கூலிக்கு வருவோம் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஆகவே இரக்கம் வேண்டாம். சாவு எப்படி வந்தாலும் காப்பீடு வேண்டும். கூலிக் கணக்கை உடல் ஒப்படைப்போடு முடிச்சுப் போடக் கூடாது. தூதரகம் அதைத் தனி வழக்காக நடத்த வேண்டும். ஆதரவற்ற குடும்பத்துக்கு உடல் அனுப்பும் செலவைத் தருவதற்காக 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது; கேட்டு வாங்கப் பழக வேண்டும். மாணவத் தோழர்களே, கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுகிற காசில் தாலுகாவுக்கு ஒருவர் இந்தக் காகிதங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பெட்டி வரும்போது காலனியே திரண்டு ஊர்ப் பொதுச்சாலை வழியாக, பட்டப்பகலில், தூக்கிப் போவோம். தடுக்கிறவன் மீது வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடும்வரை இறக்கி வைக்க மாட்டோம்.