ஓடினவரை யார் பார்த்தது?

ரேடியோ நாடகத்தை நிஜம் என்று நம்பி, செவ்வாய் கிரக ஆசாமிகளுக்குப் பயந்து அமெரிக்காவே தெருவில் இறங்கி ஓடியதாம்! இந்தக் கதையை நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். அதை எழுதின புண்ணியவான்களில் நானும் ஒருத்தன். இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. என்.பி.சி.யில் காபித்தூள் கம்பெனி ஒன்று வழங்கும் வெரைட்டி ஷோ. எட்கர் பெர்கன் என்பவர் சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையைப் பேச வைப்பார். உதடு அசைகிறதா இல்லையா என்று ரேடியோவில் யார் பார்த்தார்கள்? ஆனாலும் தேசத்துக்கே அந்தப் பொம்மைதான் செல்லப்பிள்ளை.

அதே நேரம் சி.பி.எஸ்.ஸில் 23 வயசு ஆர்சன் வெல்ஸின் நாடகம். ஹெச்.ஜி.வெல்ஸ் நாவல்தான் கதை. விளம்பரதாரர் யாரும் கிடையாது. ஹோட்டலில் இருந்து நடன இசை வாசிப்பது போல ஆரம்பித்து, நடுநடுவே 'அவசரச் செய்தி' வரும். நியூஜெர்சியில் குரோவர்ஸ் மில் என்ற இடத்தில் ஏதோ விழுந்திருக்கிறதாம்!

பயந்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. போலீசுக்குப் போன் பறந்தது. ஆனால் அதே ராத்திரி ஹூப்பர் நிறுவனம் சுமார் 5,000 வீடுகளுக்குப் போன் போட்டு எடுத்த சர்வேயில், இந்த நிகழ்ச்சியைக் கேட்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான். கேட்காத நாடகத்துக்கு எப்படிங்க பயப்பட முடியும்?

'பத்து லட்சம் பேருக்கு மேல் மிரண்டார்கள்' என்று 1940ல் பேராசிரியர் ஹாட்லி கேன்ட்ரில் புத்தகமே போட்டாரே என்பீர்கள். அவர் நம்பிய சர்வே ஆறு வாரம் கழித்து எடுத்தது. அதற்குள் பேப்பரில் படித்ததும் காதால் கேட்டதும் கலந்துபோயிருக்காதா?

நான் பி.காம். படித்தவன். எந்தக் கதையைக் கேட்டாலும் லாபம் யாருக்கு என்றுதான் முதலில் பார்ப்பேன். பொருளாதார மந்த காலம் அது. பத்திரிகைகளுக்கு வரவேண்டிய விளம்பரக் காசை ரேடியோ தட்டிக்கொண்டு போனது. மறுநாள் காலை முதல் பக்கத்தில் பீதி, பீதி என்று கொட்டை எழுத்தில் போட்டதன் அர்த்தம் என்ன? 'ரேடியோவை நம்பாதே, எங்களை நம்பு' என்பதுதான். வெல்ஸுக்கும் நஷ்டமில்லை. டிசம்பரிலேயே ஒரு சூப் கம்பெனி ஸ்பான்சராக வந்துவிட்டது.

எல்லோருக்கும் லாபம். பழி மட்டும் கேட்டவன் தலையில்! 'ஜனங்கள் முட்டாள்கள், எதையும் நம்புவார்கள்' என்று இந்தக் கதையை வைத்துத்தான் இன்றும் பாடம் நடத்துகிறோம். அப்படிப் பாடம் எடுப்பவர்தான் அடுத்து தணிக்கைக் கத்தரியைக் கையில் எடுப்பார். இதில் பெரிய வேடிக்கை, விசாரிக்காமல் 80 வருஷத்துக்கு மேல் நம்பியது நாம்தான்.

இன்று செல்போனில் வதந்தி பரவுகிறது, உண்மைதான். அதற்காக வதந்தியைப் பற்றிய வதந்தியையும் நம்ப வேண்டுமா? இனிமேல் 'ஊரே ஓடியது' என்று யார் எழுதினாலும், நானே எழுதினாலும், சட்டையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'ஓடினதை நீ பார்த்தியா?'